சிப்காட் உப்புக்காற்றில் ஒரு மில்லிஆம்ப் கிளாம்ப் மீட்டர்

கடலூர் சிப்காட்டில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பவர்களுக்கு 4-20 மில்லிஆம்ப் லூப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேங்க் லெவல் போன்ற அளவை டிரான்ஸ்மிட்டர் என்ற கருவி மின்னோட்டமாக மாற்றி (பூஜ்யத்துக்கு 4, நூறு சதவீதத்துக்கு 20) பேனலுக்கு அனுப்பும் வயர் சுற்றுதான் அது. வயரைக் கழற்றாமலே அந்த மின்னோட்டத்தைக் காட்டும் கிளாம்ப் மீட்டரை இவ்வளவு காசு கொடுத்து வாங்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். என் மீட்டர் பல பருவமழைகளைப் பார்த்துவிட்டது.

சாதாரண மல்டிமீட்டரைத் தொடரில் போட வேண்டுமென்றால் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றிய நொடியே சிக்னல் பூஜ்யத்துக்கு விழும். 3.6 மில்லிஆம்புக்குக் கீழே போனால் கோளாறு என்று ஆலையை இயக்கும் கணினியான பிஎல்சி எடுத்துக்கொள்ளும். இன்டர்லாக் (கோளாறு வந்தால் தானாக நிறுத்தும் ஏற்பாடு) இருந்தால் பம்பும் நிற்கும். அப்புறம் ஷிப்ட் இன்சார்ஜுக்குப் பதில் சொல்லி மாளாது. கிளாம்பில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கொடுத்த காசு எனக்குத் திரும்பியது வேறு விதத்தில். ஒரே லூப்பை இரண்டு இடங்களில் அளந்து ஒப்பிட முடிகிறது. ஐப்பசி மழையில் ஒரு டேங்க்கின் லெவல் கூடுதலாகக் காட்டியது. டிப் எடுத்து நேரடியாக அளந்து பார்த்தால் பாதிதான் இருக்கிறது. திரையிலோ 56 சதவீதத்துக்கு மேல். பேனல் டெர்மினலில் 13.04, டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் 12.02. டிரான்ஸ்மிட்டர் சரியாகத்தான் சொல்கிறது, வழியில் ஒரு மில்லிஆம்ப் சேர்கிறது. நடுவிலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்ட் தளர்ந்து அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிளஸ், மைனஸ் டெர்மினல்களுக்கு நடுவே பச்சைக் களிம்பு பாலம் கட்டியிருந்தது. அந்தப் பாலத்தின் வழியே ஓடியதையும் பேனல் சேர்த்துப் படித்திருக்கிறது. டெர்மினல் ஸ்டிரிப்பை மாற்றி, கேபிள் அடிப்பக்கமாக நுழையும்படி செய்ததும் இரண்டு அளவும் ஒன்றானது. கடல் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கோளாறு வாடிக்கை. டிரான்ஸ்மிட்டர் மேல் பழி போட்டு அதைக் கேலிபிரேஷனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் வாடிக்கைதான்.

பூமிக்குக் கசிகிறதா என்று பார்க்க இரண்டு வயரையும் சேர்த்துக் கிளாம்ப் செய்யலாம். போவதும் வருவதும் சமமென்றால் பூஜ்யம் காட்டும். இல்லையென்றால் எங்கோ கசிவு.

கிளாம்ப் மட்டும் போதாத இடமும் உண்டு. "சார், டேங்க் ரொம்பினாலும் 77-க்கு மேல ஏற மாட்டேங்குது" என்று ஆபரேட்டர் சொன்ன கேஸில் பேனலிலும் ஃபீல்டிலும் ஒரே 16.4 மில்லிஆம்ப். கசிவே இல்லை. வோல்ட் பார்த்தபோதுதான் பிடிபட்டது: 24 வோல்ட் பவர் சப்ளை 21-க்கு இறங்கியிருந்தது. 250 ஓம் ரெசிஸ்டர், பாதுகாப்புக்கான பேரியர், கேபிள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 550 ஓம். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். மிச்சம் 9 வோல்ட். 9-ஐ 550-ஆல் வகுத்தால் 16.4தான் வரும், அதற்கு மேல் தள்ள முடியாது. கீழ் லெவலில் எல்லாம் சரியாகவே காட்டுவதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஓவர்ஃப்ளோ ஆகும்வரை. அதனால் பையில் மல்டிமீட்டரும் இருக்கட்டும்.

மீட்டரின் குணங்களையும் சொல்லிவிடுகிறேன். வயரைக் கவ்வும் ஜாவின் முகத்தில் துரு பிடித்தால் சரியாக மூடாது, அளவு அலையும். மழைக்காலத்தில் உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது. ஜாவைத் திருப்பிப் பிடித்தாலே பூஜ்யம் நகரும். அதனால் எந்த நிலையில் அளக்கப் போகிறீர்களோ அதே நிலையில் வைத்து ஜீரோ பட்டனை அழுத்துங்கள். மோட்டார் கேபிள் அருகில் நம்ப வேண்டாம். கோளாறைத் தேட இந்தத் துல்லியம் தாராளம். கேலிபிரேஷன் சர்டிஃபிகேட்டுக்கு லூப் கேலிபிரேட்டர்தான். சால்வென்ட் ஏரியாவில் பர்மிட் இல்லாமல் எடுக்கவே கூடாது, என்னுடையது அந்த இடத்துக்கான மீட்டரல்ல.

வாங்குமுன் உங்கள் பேனலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஜா சின்னது, ஒற்றை வயர்தான் உள்ளே போகும். வயர்கள் போகும் டக்டிலிருந்து டெர்மினலுக்கு வயரை இழுத்துக் கட்டியிருந்தால் விரல்கூட நுழையாது. இப்போதெல்லாம் புதிதாக டெர்மினேட் செய்யும்போது இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வயரை வளைத்து விடச் சொல்கிறேன்.