பாண்டாஸ் குழந்தைக்கு எந்த ஆன்டிபயாடிக்? பெனிசிலின், அஸித்ரோமைசின், மாத ஊசி: ஓர் அலசல்

பாண்டாஸ் (ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாத் தொற்றை ஒட்டிக் குழந்தைக்குத் திடீரென்று வரும் மனநல, நரம்புக் கோளாறு) என்று சந்தேகப்படும் குழந்தையின் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஆன்டிபயாடிக் நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மருந்து எதற்காக? தொண்டையில் இப்போது இருக்கும் ஸ்ட்ரெப் கிருமியை ஒழிக்கவா? மறுபடி தொற்று வராமல் மாதக்கணக்கில் காக்கவா? அல்லது கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓசிடியும் (விடாமல் துரத்தும் எண்ணங்களும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும்) டிக்ஸும் (கண் சிமிட்டுவது போன்ற, கட்டுப்படுத்த முடியாத திடீர் அசைவுகளும் ஒலிகளும்) குறையட்டும் என்றா? மூன்றுக்கும் அதே நாலைந்து மருந்துகள்தான் அடிபடுகின்றன. ஆனால் மூன்றிலும் ஒரே மருந்து ஜெயிப்பதில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோவும் சகாக்களும் 1998-ல் 50 குழந்தைகளை விவரித்து இந்தப் பெயரைப் பரப்பினார்கள். ஸ்ட்ரெப் தொற்றை ஒட்டி, பருவமடையாத குழந்தைக்குத் திடீரென்று ஓசிடியோ டிக்ஸோ வெடிக்கிறது. அலை அலையாகக் கூடிக் குறைகிறது. கிருமிக்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்பொருள் ஆள் மாறி மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளைத் தாக்குகிறது என்பது கருதுகோள். எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை. அமெரிக்க இதய சங்கம் 2009-ல் இதை நிரூபிக்கப்படாத கருதுகோள் என்றே சொன்னது. இதற்காக நீண்டகாலத் தடுப்பு மருந்து கொடுப்பதையும் பரிந்துரைக்கவில்லை. பாண்டாஸைத் தீவிரமாக நம்பும் மருத்துவர் குழுக்களின் 2017 வழிகாட்டியோ, புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் சுற்று ஸ்ட்ரெப் சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. ஒரே குழந்தைக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் பேசுவது இதனால்தான்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுப்பதை முதல் வேளை மருந்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டு நாள் சிரப் கொடுத்துவிட்டு எடுத்தால் நெகட்டிவ் வந்து குழப்பும். ஸ்ட்ரெப்புக்கு எதிரான எதிர்ப்பொருளை அளக்கும் ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்புவதும் சிக்கல்தான். தொற்று வந்து மூன்று முதல் ஆறு வாரங்களில் அது உச்சத்துக்குப் போகும், பிறகும் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் அது கூடியிருப்பது சகஜம். "ஏஎஸ்ஓ 400, ஆகவே பாண்டாஸ்" என்று ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டுவதில் பொருளில்லை. சில வாரம் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, ஏறுமுகமா என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

தொண்டையைச் சுத்தப்படுத்த

இந்தப் போட்டியில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெனிசிலின் வி அல்லது அமாக்ஸிசிலின், முழுதாகப் பத்து நாள். குரூப் ஏ ஸ்ட்ரெப் கிருமி இத்தனை ஆண்டுகளாகியும் பெனிசிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. நுண்ணுயிர்களின் உலகில் இது அபூர்வம். சிரப்பின் சுவையில் அமாக்ஸிசிலின் முந்துகிறது. ஒரு நாளைக்கு ஒரு வேளை கொடுத்தாலும் போதும். தொண்டை வலி உண்மையில் சுரப்பிக் காய்ச்சலாக (வைரஸால் வருவது) இருந்தால் மட்டும் அமாக்ஸிசிலின் உடம்பெல்லாம் தடிப்பைக் கிளப்பிவிடும். அதை அலர்ஜி என்று எழுதிவைத்து, ஆயுசுக்கும் பெனிசிலினை ஒதுக்கிவிடும் குடும்பங்கள் உண்டு.

நம்மூரில் இதற்கு அடிக்கடி எழுதப்படுவது கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்ஸிசிலின். ஸ்ட்ரெப் கிருமி பெனிசிலினை உடைக்கும் நொதியை உற்பத்தி செய்வதில்லை. ஆகவே அந்தக் கூடுதல் சரக்கால் முதல் தடவைத் தொற்றில் லாபம் இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். திரும்பத் திரும்பத் தொண்டையில் கிருமி தங்கும் குழந்தைக்கு அதையோ கிளின்டாமைசினையோ யோசிக்கலாம். கிளின்டாமைசின் சிரப்பின் சுவையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மேல்.

அஸித்ரோமைசினுக்கு ஐந்தே நாள், தினம் ஒரு வேளை. மருந்து வாயில் பட்டாலே அலறும் குழந்தையின் வீட்டில் இது பெரிய சலுகை. ஆனால் ஸ்ட்ரெப் கிருமிகளில் ஒரு பங்கு இதை எதிர்க்கக் கற்றுவிட்டது; ஊருக்கு ஊர் அந்தப் பங்கு மாறுகிறது. நிஜமான பெனிசிலின் அலர்ஜி இருக்கும் குழந்தைக்கே இது இரண்டாவது தேர்வு. அந்த அலர்ஜியும் உடனடி வகையாக இல்லாவிட்டால், அதற்கு முன் செஃபலெக்சின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் நிற்கிறது.

மறுபடி வராமல் தடுக்க

இங்கேதான் விவாதம் சூடாகிறது. 1999-ல் வெளியான ஆய்வில் 37 குழந்தைகளுக்கு நான்கு மாதம் பெனிசிலின் மாத்திரை, நான்கு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மனநல அறிகுறிகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பெனிசிலின் சாப்பிட்ட மாதங்களிலும் ஸ்ட்ரெப் தொற்று வந்துகொண்டேதான் இருந்தது. தடுப்பே சரியாக நடக்காதபோது, தடுப்பால் பலனில்லை என்று எப்படிச் சொல்வது?

2005-ல் அதே குழு 23 குழந்தைகளிடம் தினசரி பெனிசிலினையும் வாரத்தில் ஒரே நாள் அஸித்ரோமைசினையும் ஓராண்டு ஒப்பிட்டது. இரண்டிலும் தொற்றும் குறைந்தது, அறிகுறி வெடிப்புகளும் குறைந்தன. ஆனால் போலி மாத்திரைக் குழு கிடையாது. முந்தைய ஆண்டை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லி அதோடு ஒப்பிட்டார்கள். மோசமான ஆண்டில்தான் குடும்பங்கள் ஆய்வில் சேர்வார்கள். அடுத்த ஆண்டு தானாகவே கொஞ்சம் தேறும். அஸித்ரோமைசின்தான் மேல் என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இரண்டு மருந்துக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது போட்டியாளர் பென்சதீன் பெனிசிலின் ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது) வந்த குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடும் அதே ஊசி. மாத்திரையைச் சாப்பிட்டாளா, துப்பினாளா என்ற பஞ்சாயத்து இதில் இல்லை. வலி உண்டு. அரிதாகக் கடும் அலர்ஜி வரலாம் என்பதால் போட்ட பிறகு காத்திருக்க வைப்பார்கள். உலகெங்கும் அவ்வப்போது தட்டுப்பாடும் வருகிறது. மிகக் கடுமையான, திரும்பத் திரும்ப ஸ்ட்ரெப் நிரூபிக்கப்பட்ட குழந்தைக்குத் தடுப்பு தேவை என்று டாக்டர் முடிவெடுத்தால், மாத்திரையைவிட ஊசிக்கே என் ஓட்டு. ஊசி என்றாலே ஓசிடி ஏறும் குழந்தையாக இருந்தால் கணக்கு மாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விவாதத்துக்கே இடமில்லை. கை கால் தன்னிச்சையாக நெளிவது, நாக்கை நீட்டிய நிலையில் நிறுத்த முடியாதது, விரலைப் பிடித்தால் இறுக்கியும் தளர்த்தியும் பால் கறப்பதுபோல் பிடிப்பது ஆகியவை இருந்தால் அது டிக்ஸ் அல்ல, சிடன்ஹாம் கொரியாவாக இருக்கலாம். அது ருமாட்டிக் காய்ச்சலின் முகம். அங்கே இதய வால்வு பணயத்தில் இருக்கிறது. எக்கோ எடுக்க வேண்டும். நீண்டகாலப் பெனிசிலின் கட்டாயம். ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியாத நம் நாட்டில், பாண்டாஸ் என்ற பெயரைச் சூட்டுவதற்கு முன் இது இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

அறிகுறியையே குறைக்க

கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும் என்பதால் அஸித்ரோமைசினுக்கு இங்கே தனி மவுசு. 2017-ல் 31 குழந்தைகளிடம் நான்கு வாரம் நடந்த போலி மருந்து ஒப்பீட்டில், ஓசிடியின் ஒட்டுமொத்தக் கடுமையை மருத்துவர் மதிப்பிட்ட அளவுகோலில் அஸித்ரோமைசின் முந்தியது. ஓசிடியை விரிவாக அளக்கும் மற்ற அளவுகோலில் முந்தவில்லை. அதற்குச் சில ஆண்டு முன் செஃப்டினிர் என்ற ஆன்டிபயாடிக்கை 20 குழந்தைகளிடம் சோதித்தபோதும் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. நம்பிக்கை வைக்கலாம்; வீட்டை அடகு வைக்குமளவுக்கு இல்லை.

அஸித்ரோமைசின் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தில் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது; அது அதிகம் நீண்டால் துடிப்பு ஆபத்தான விதத்தில் தடம் மாறலாம். டிக்ஸுக்குப் பிமோசைடு எடுக்கும் குழந்தைக்கு அஸித்ரோமைசின் கூடவே கூடாது. ஓசிடிக்கு எஸ்சிட்டலோபிராம், வாந்திக்கு ஒண்டான்செட்ரான் என்று சேர்ந்தாலும் ஈசிஜி பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர், குழந்தை மருத்துவர் இன்னொருவர் என்று தனித்தனியாகச் சீட்டு எழுதும்போது இந்த மோதல் கண்ணில் படாமல் போகும். இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டுவது பெற்றோரின் வேலையாகிறது.

ஆன்டிபயாடிக் முதலில் வேலை செய்யட்டும் என்று மற்ற சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. பயத்தை எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சைக்குக் குழந்தைகளின் ஓசிடியில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அது முதல் வாரத்திலேயே தொடங்கலாம், தொண்டையில் கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆன்டிபயாடிக்குக்கோ தொடங்கும் அன்றே நிறுத்தும் தேதியும் எழுதப்பட வேண்டும். அறிகுறி உச்சத்தில் இருக்கும்போது தொடங்கும் எந்த மருந்தும், அலை தானாக இறங்கும்போது பெயர் வாங்கிக்கொள்ளும். தினமும் ஒரு வரி, கை கழுவிய நேரம், தூக்கம், பள்ளி என்று நோட்டில் எழுதிவைத்திருந்தால், நிறுத்தும் தேதியில் டாக்டரும் பெற்றோரும் நினைவை நம்பிப் பேச வேண்டியிருக்காது.