நிக்கான் பி950: குளக்கரைக்குச் சரி, காட்டுக்குச் சுமார்தான்

திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் பட்டைத்தலை வாத்துகள் இறங்கினால் நடுத்தண்ணீரிலோ எதிர்க்கரைச் சேற்றிலோதான் நிற்கும். ஈரோடு பக்கத்து வெள்ளோட்டுக் கூழைக்கடாக்களும் கரையை ஒட்டி வருவது குறைவு. இரண்டுமே சரணாலயங்கள், ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை (வெள்ளோடு 2022, நஞ்சராயன் 2024). அதனால் தண்ணீருக்குள் இறங்கிக் கிட்டப் போகும் பேச்சே இல்லை. 500 மி.மீ. லென்ஸில் இந்தத் தூரத்துப் பறவை பொட்டுப் பொட்டாகத்தான் விழும். நிக்கான் பி950 கேமராவுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

24 முதல் 2000 மி.மீ.க்குச் சமமான ஜூம், அதாவது 83 மடங்கு. பேட்டரியோடு மொத்த எடையே ஏறக்குறைய ஒரு கிலோ. 200-500 லென்ஸ் தனியாகவே 2.3 கிலோ வரும், கேமரா எடை வேறு. காலை முழுக்கக் கரையைச் சுற்றி நடப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தோள்பட்டையில் தெரியும்.

இந்த ஜூம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால் குறையும் சேர்ந்தே தெரியும். சென்சார் 1/2.3 அங்குலம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் 16 மெகாபிக்சலை அடைத்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 வரை இறகின் வரி வரியான விவரம் நிற்கும், 800-ஐப் பொறுத்துக்கொள்ளலாம். 1600-க்குப் போனால் படத்தில் விழும் புள்ளிகளை (நாய்ஸ்) குறைக்கிறேன் என்று கேமராவே இறகை மெழுகிவிடும். மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனை 'லோ'வில் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். ரா (RAW) கோப்பாக எடுத்து வீட்டில் சரிசெய்வது இன்னும் நல்லது.

அப்பர்ச்சரில், அதாவது லென்ஸின் துளை அளவில், பலர் தவறுகிறார்கள். பெரிய கேமராவில் பழகிய கையோடு, கூர்மை கூடும் என்று எஃப்8-க்கு மூடுவார்கள். இவ்வளவு சிறிய பிக்சலில் துளை சிறுத்தால் ஒளி விரிந்து படம் மழுங்கும். முழு ஜூமில் எஃப்6.5-லேயே விடுங்கள்.

டயலில் பறவைக்கென்றே ஒரு மோடு உண்டு. புதிதாக வாங்கியவர் முதல் வாரம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். ஷட்டர் வேகம் நம் கையில் இருக்காது. அதை நாமே வைக்கும் எஸ் மோடுக்குப் போய், உட்கார்ந்த பறவைக்கு 1/500 விநாடி, பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல் வையுங்கள். கரையில் ஓயாமல் வாலாட்டும் உள்ளானுக்கும் 1/800 வேண்டும். பிடித்த அமைப்பை டயலின் 'யு'-வில் சேமித்துவிட்டால் காலை நேரத்தில் மெனுவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

2000-ல் பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவருவதே பாதி வேலை. கொஞ்சம் அசைந்தாலும் வெறும் தண்ணீர்தான் தெரியும். லென்ஸின் பக்கவாட்டில் ஸ்னாப்-பேக் ஜூம் பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் காட்சி விரியும். பறவையை நடுவில் கொண்டுவந்து விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். இந்த ஒரு பொத்தானுக்காகவே கேமராவை வடிவமைத்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

ஃபோகஸ்தான் சோதிக்கும். கோரைக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழியை விட்டுவிட்டு முன்னால் ஆடும் கோரையைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் பரப்பை மிகச் சிறியதாக்கிக் கண்ணைக் குறிவையுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பக்கவாட்டு டயலை மேனுவல் ஃபோகசுக்கு ஒதுக்கி, பீக்கிங் (ஃபோகஸ் விழுந்த விளிம்பை எடுத்துக்காட்டும் வசதி) காட்டும் விளிம்பைப் பார்த்துத் திருகுவதே வழி. தகைவிலான் பறக்கும்போது எடுக்கலாம் என்ற ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். தொடர் படம் விநாடிக்கு 7 வீதம் ஓடி 10-ல் நின்றுவிடும். கார்டில் எழுதி முடிக்கும் வரை கேமரா கையைக் கட்டி நிற்கும். கொக்கு, நாரை, கூழைக்கடா போல நிதானமாகச் சிறகடிப்பவற்றை 500-800 மி.மீ.யில் தொடரலாம்.

அடுத்தது கானல். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். 9 மணிக்கு மேல் 2000-ல் எடுத்த படத்தில் பறவையின் விளிம்பு அலை அலையாக இருந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். 800-க்குக் குறைத்து, ஒரே காட்சியைப் பத்துப் பதினைந்து படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும். விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில், கிழக்குக் கரையில் சூரியனை முதுகில் வாங்கி நிற்பதே முறை. 3000 மி.மீ. வரை போகும் பி1000, பி1100 மாடல்களுக்குப் பணம் சேர்ப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். அவற்றின் எடை 1.4 கிலோ. கூடுதல் ஆயிரம் மி.மீ. நிலாவுக்கு உதவும், நண்பகல் குளத்துக்கு உதவாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும்போது நீட்டிய லென்ஸ் பாய்மரம் போல ஆடும். ஸ்டாண்டைவிட பீன் பேக் மேல்: தடித்த துணிப்பையில் ஒன்றரை, இரண்டு கிலோ மக்காச்சோளம் போட்டுத் தைத்து, கார் ஜன்னலிலோ வாய்க்கால் சுவரிலோ வைத்தால் போதும். இறுக்கி நிரப்பினால் லென்ஸ் உருளும். பனங்காடை, பஞ்சுருட்டான் எல்லாம் கம்பியில் உட்காரும் தோட்டத்துச் சாலைகளில், காரை விட்டு இறங்காமல் எடுக்க இதுவே வசதி.

வால்பாறைக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சோலை நிழலில் இருவாட்சி வந்தாலும் ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டிவிடும். அடையாளத்துக்கு ஒரு படம் கிடைக்கும், மாட்டி வைக்கிற படம் கிடைக்காது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சந்தேகத்துக்குரிய உள்ளானின் கால் நிறத்தைப் பார்க்கவோ, ஆய்வுக்காக வாத்துக்கு மாட்டிய கழுத்துப்பட்டையின் எழுத்தைப் படிக்கவோ பி950 தாராளம்.

ஒரு பேட்டரிக்குச் சுமார் 290 படம் என்பது கணக்கு. ஜூமை ஓயாமல் இழுத்தால் இன்னும் குறையும், உபரியாக இரண்டு வைத்திருங்கள். மைக்ரோ யூஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏறும்.

பழையது வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்கவும். லென்ஸ் நீளும்போது காற்றை உறிஞ்சும், அதோடு நம் ஊர்ச் செம்மண் தூசியும் உள்ளே போகும். லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சாரை நாமே துடைக்க வழியில்லை. முழு ஜூமில் எஃப்8 வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். சாம்பல் திட்டு தெரிந்தால் உள்ளே தூசி, சர்வீஸ் செலவு உங்கள் தலையில். பிறகு ஜூமை முழுக்க விட்டு இழுத்துக் காதைக் கொடுங்கள். நறநறவென்றால் பணத்தை எண்ண வேண்டாம்.