மானிட்டர் இல்லாத ராஸ்பெர்ரி பைக்கு எந்த ஓஎஸ்?

கிணற்றடி மோட்டார் ரூமில், மொட்டைமாடித் தொட்டிப் பக்கத்தில், கடையின் மேல்தட்டில் என்று எங்கோ உட்காரப்போகும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டுக்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. எஸ்டி கார்டைச் செருகி கரண்ட் கொடுத்ததும் அது தானாகவே வைஃபையில் சேர வேண்டும், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியாக நம்மை உள்ளே விட வேண்டும். இந்த வேலைக்கு ஓஎஸ் (இயங்குதளம்) தேடுகிறவர்கள் பெரும்பாலும் எது வேகம், எது குறைவான மெமரி எடுக்கும் என்றுதான் ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முதல் பூட்டில், அதாவது போர்டு முதன்முறை இயங்கத் தொடங்கும்போது, உள்ளே நுழைய முடியாமல் போனால், எந்த ஓஎஸ் மாற்று வழி வைத்திருக்கிறது? ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட், உபுண்டு சர்வர் 24.04, டயட்பை மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடை போடுகிறோம்.

முதலில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட். கார்டில் ஓஎஸ்ஸை எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளில் போர்டைத் தேர்ந்தெடுத்து, லைட் 64-பிட்டைக் குறித்து, செட்டிங்ஸ் பகுதியில் ஹோஸ்ட்நேம், யூசர், அதன் பாஸ்வேர்டு, வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு, நாடு, எஸ்எஸ்ஹெச் ஆகிய ஏழையும் நிரப்பினால் போதும். 16 ஜிபி கார்டு தாராளம். எழுதி முடித்தபின் வரும் சரிபார்ப்பை அவசரப்பட்டு ரத்து செய்யக் கூடாது; தேய்ந்த கார்டு பிடிபடுவது அங்கேதான்.

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிமுறைகள் பல இந்த ஓஎஸ்ஸில் இன்று செல்லாது. 2022 ஏப்ரலில் 'பை' என்ற யூசரும் 'ராஸ்பெர்ரி' என்ற பாஸ்வேர்டும் நீக்கப்பட்டன. 2023 அக்டோபரில் புக்வார்ம் என்ற பதிப்பு வந்தபோது நெட்வொர்க் பொறுப்பு நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளுக்குப் போனது. கார்டின் பூட் பார்ட்டிஷனில் (தொடக்கக் கோப்புகள் இருக்கும் பகுதி) வைஃபை விவரக் கோப்பைப் போடும் பழைய முறை அதோடு முடிந்தது. எஸ்எஸ்ஹெச் என்ற பெயரில் வெற்றுக் கோப்பு போட்டால் எஸ்எஸ்ஹெச் திறக்கும், ஆனால் யூசரே இல்லாவிட்டால் எதைக் கொண்டு நுழைவது? எனவே கையால் கோப்பு போடுவதை விட்டுவிட்டு, இமேஜரின் புதிய பதிப்பிலேயே எல்லாவற்றையும் நிரப்புவது நல்லது.

இங்கே அதிகம் சறுக்குவது நாட்டுக் குறியீட்டில். அதைக் காலியாக விட்டால் வைஃபை ரேடியோ பூட்டப்பட்டே இருக்கும். பாஸ்வேர்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் ரவுட்டர் பட்டியலில் போர்டு தலைகாட்டாது. அடுத்தது அலைவரிசை. பை ஜீரோ 2 டபிள்யூவுக்கும் பழைய பை 3 பி-க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து அதைக் கொடுத்திருந்தால் காத்திருந்து பயனில்லை. ஆனால் ஈதர்நெட் போர்ட் உள்ள போர்டு என்றால் கேபிளைச் செருகியதும் ரவுட்டர் ஐபி கொடுத்துவிடும், உள்ளே போய் வைஃபையைச் சரிசெய்துகொள்ளலாம். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இது தெளிவான பதில்.

உபுண்டு சர்வர் இதே வேலையை கிளவுட்-இனிட் என்ற முதல் பூட் அமைப்புக் கருவி மூலம் செய்கிறது. இமேஜரில் நிரப்பினால் அது கோப்புகளாக எழுதப்படும், கையாலும் எழுதலாம். அவை யாமல் (YAML) என்ற டெக்ஸ்ட் வடிவம் என்பதால் வரித் தொடக்கத்தில் ஸ்பேஸ் மட்டுமே வைக்க வேண்டும். ஒரே ஒரு டேப் விழுந்தாலும் அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் போகும். இன்னொரு சிக்கல், இந்தக் கோப்புகள் முதல் பூட்டுக்கானவை. ஒருமுறை பூட் ஆனபின் கார்டைக் கழற்றி வைஃபை பாஸ்வேர்டைத் திருத்திச் செருகினால் மாற்றம் எடுபடாது. மறுபடி ஃப்ளாஷ் செய்வதே (கார்டில் ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதுவதே) குறுக்கு வழி. முதல் பூட்டில் பொறுமையும் வேண்டும்: யூசர் உருவாகும் முன்பே எஸ்எஸ்ஹெச் பதில் சொல்லத் தொடங்கலாம், அப்போது சரியான பாஸ்வேர்டும் தவறு என்று திரும்பி வரும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு முயன்றால் நுழைந்துவிடலாம். நெட்வொர்க் கோப்பை நீங்களே எழுதும்போது ஈதர்நெட்டுக்கு 'ஆப்ஷனல்' என்று குறிக்க மறந்தால், கேபிள் இல்லாத ஒவ்வொரு பூட்டும் இரண்டு நிமிடம் வரை தாமதமாகும்.

இத்தனை இருந்தும் உபுண்டுவை ஒதுக்க மனம் வராததற்குக் காரணம் அதன் ஆயுள். 24.04 பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அவை தானாகவே நிறுவப்படும். அடுத்த எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு இருந்த இடத்திலிருந்தே மாறவும் முடியும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் பெரிய பதிப்பு மாறும்போது புதிதாக ஃப்ளாஷ் செய்யுங்கள் என்றுதான் அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போர்டுக்கு அது ஒரு நாள் பயணம். 2 ஜிபி, 4 ஜிபி போர்டில் உபுண்டு நிம்மதியாக ஓடும். 512 எம்பி உள்ள ஜீரோ 2 டபிள்யூவில் அப்டேட் நேரத்தில் திணறும்.

டயட்பை பெயருக்கேற்ற மெலிந்த உடம்பு. கார்டின் பூட் பகுதியிலேயே இரண்டு டெக்ஸ்ட் கோப்புகள் இருக்கும்: ஒன்று பொது அமைப்புக்கு, மற்றது வைஃபைக்கு. தானியங்கி நிறுவலை 1 என்று மாற்றி, எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்றும் அங்கேயே எழுதிவிட்டால் முதல் பூட்டில் எல்லாம் தானாக நடந்து முடிந்திருக்கும். பத்துப் போர்டுகளுக்கு ஒரே அமைப்பு என்றால் இதைப் போன்ற சுகம் வேறில்லை. ஆரஞ்சு பை, ஓட்ராய்டு போன்ற மற்ற போர்டுகளுக்கும் இது கிடைக்கிறது. நாட்டுக் குறியீடு பிரிட்டன் என்று இருக்கும், ஐஎன் (இந்தியா) என்று மாற்ற வேண்டும். பாஸ்வேர்டும் 'டயட்பை' என்று ஊரறிந்தது, அதைக் கட்டாயம் மாற்றுங்கள்.

குறை எங்கே என்றால், ஈதர்நெட், வைஃபை இரண்டையும் 1 என்று வைத்தால் டயட்பை வைஃபைக்கே முன்னுரிமை கொடுத்து ஈதர்நெட்டை அணைத்துவிடும். கேபிள் செருகி நுழையும் அந்தப் பின்வாசல் இங்கே இல்லை. முதல் பூட்டில் இணையம் கிடைக்காவிட்டால் அமைப்பும் பாதியில் நிற்கும். இயக்கப் பதிவுகளை (லாக்) கார்டில் எழுதாமல் ரேமில் வைத்திருப்பது கார்டின் ஆயுளுக்கு நல்லது; ஆனால் நள்ளிரவில் போர்டு ஏன் விழுந்தது என்று காலையில் தேடினால் தடயம் இருக்காது. எனவே முதல் வாரம் மட்டுமாவது பதிவுகளை டிஸ்க்கில் எழுதும்படி மாற்றிவைப்பது விவேகம்.

டெஸ்க்டாப் திரையையே தொலைவிலிருந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் டெஸ்க்டாப் பதிப்புதான் எளிது. பழைய பழக்கத்தில் ரியல்விஎன்சி சர்வரைத் தேட வேண்டாம். வேலேண்டு என்ற திரை அமைப்புக்கு மாறியபின் அதன் இடத்தில் இருப்பது வேவிஎன்சி. ரிலே (மின்சுவிட்ச்) ஒன்றை ஆன், ஆஃப் செய்ய மட்டும் என்றால் டெஸ்க்டாப் தேவையே இல்லை.

வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து நுழைவது தனிப் பிரச்சினை. பல இணைய இணைப்புகளில் நமக்கென்று பொது ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை, ஒரே முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். அங்கே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பைப் போர்டுக்குத் திருப்பிவிடுவது) செய்து பார்ப்பது வீண் வேலை. பொது முகவரி கிடைக்கும் இடத்திலும் எஸ்எஸ்ஹெச்சை வெளி உலகுக்குத் திறந்து வைப்பது ஆபத்து. 2024-ல் வந்த ராஸ்பெர்ரி பை கனெக்ட் பிரவுசரிலேயே டெர்மினல் தருகிறது. லைட்டிலும் வேலை செய்யும். உபுண்டு, டயட்பை என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போடலாம்.

ஆக, முதல்முறை செய்பவர்க்கும், ஒரு போர்டு, ஒரு வேலை என்பவர்க்கும் லைட். எட்டாத தூரத்தில் ஐந்தாண்டு ஓட வேண்டும், மெமரியும் இருக்கிறது என்றால் உபுண்டு. பல போர்டுகள் என்றாலோ ராஸ்பெர்ரி அல்லாத போர்டு என்றாலோ டயட்பை.

எதைப் போட்டாலும் அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் கார்டு கெடுவதுதான் முதல் எதிரி. லைட்டில் ராஸ்பி-கான்ஃபிக் மெனுவின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் உண்டு. எல்லா அமைப்பும் முடிந்தபின் அதை ஆன் செய்தால் கார்டில் எழுதுவது நின்றுவிடும். ஓஎஸ்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் வாட்ச்டாக் (போர்டு உறைகிறதா என்று கவனிக்கும் காவல்) நேரத்தை 15 விநாடி என்று வைத்தால், போர்டு உறைந்து போனாலும் தானாக ரீபூட் ஆகும். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். போன் சார்ஜரில் ஓட்டினால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எச்சரிக்கை பதிவாகும். புதிதாக ஃப்ளாஷ் செய்தபின் லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் கீ மாறிவிட்டது என்று மிரட்டும் செய்தி வந்தால், அந்த முகவரிக்கான பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.