அவுட்லுக்–வேர்டா, தண்டர்பேர்டு–லிப்ரே ஆபிஸா: முந்நூறு உறை ஒட்டியவன் கணக்கு

ஈரோட்டில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் கடிதம், உறை, நினைவூட்டல் எல்லாம் என் பொறுப்பு. மூன்று பேர், ஒரு அலுவலகப் போன், சுமார் முந்நூறு வாடிக்கையாளர்கள். போன வருடம் வரை முகவரிகள் ஒரு எக்செல் கோப்பில் இருந்தன, போன் எண்கள் போனில் இருந்தன, கெடு தேதிகள் மேஜைக் காலண்டரில் இருந்தன. ஒரு நாள் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, நாங்க வீடு மாறி நாலு மாசம் ஆச்சுங்க. உங்க லெட்டரு இன்னும் பழைய வீட்டுக்கே போவுதுங்க." புது முகவரியை அவர் முன்பே சொல்லியிருந்தார். போனில் பதிந்தும் வைத்திருந்தோம். எக்செல்லில் மாற்ற மறந்தது நான்தான்.

அதற்குப் பிறகுதான் முகவரி, நாட்காட்டி, மின்னஞ்சல் மூன்றையும் ஆபிஸ் மென்பொருளோடு ஒழுங்காக இணைப்பது என்று உட்கார்ந்தேன். இரண்டு வழிகளையும் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கும் (மின்னஞ்சல், முகவரி, நாட்காட்டிக்கு) வேர்டும் (கடிதத்துக்கு). இன்னொன்று, கூகுள் கான்டாக்ட்ஸைத் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இணைத்துக்கொண்டு, கடிதத்தை லிப்ரே ஆபிஸ் என்ற ஆபிஸ் தொகுப்பில் அடிப்பது. இப்போது இரண்டாவதில்தான் இருக்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தண்டர்பேர்டும் லிப்ரே ஆபிஸும் இலவசம், மைக்ரோசாஃப்ட் 365க்குச் சந்தா கட்ட வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே முறை காசு கொடுத்து வாங்கும் 'ஆபிஸ் ஹோம் 2024' பதிப்பில் வேர்டு, எக்செல் உண்டு, அவுட்லுக் கிடையாது. அது 'ஹோம் அண்டு பிசினஸ்' பதிப்பில்தான் வரும். லேப்டாப்போடு ஆபிஸ் இருக்கிறதே என்று நம்பித் திட்டம் போட்டால் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கும். விண்டோஸோடு இலவசமாக வரும் புது அவுட்லுக் வேறு வகை. பழைய அவுட்லுக்கில் ஓடும் காம் ஆட்-இன்கள் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை நிரல்கள்) அதில் ஓடாது.

நாட்காட்டியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜிஎஸ்டி கணக்கில் மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதி 3பி படிவம், முன்கூட்டிய வரிக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15. எல்லாம் திரும்பத் திரும்ப வருபவை, ஒரு முறை போட்டால் போதும், இரண்டுமே சரியாக மணியடிக்கும். தண்டர்பேர்டில் நாட்காட்டிக்கு ஒரு காலத்தில் தனி நீட்சி போட வேண்டும். 2015இல் வந்த 38ஆம் பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது.

சரி, முகவரிக்கு வருவோம். என் முடிவு இதில்தான் நின்றது.

நேரடி இணைப்பு என்று பார்த்தால் அவுட்லுக்–வேர்டு ஜோடிதான் கெட்டி. 1997இல் அவுட்லுக் ஆபிஸோடு சேர்ந்து வந்ததிலிருந்தே இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேர்டில் 'மெயிலிங்ஸ்' பகுதிக்குப் போய், பெறுநர்களை அவுட்லுக் கான்டாக்ட்ஸிலிருந்து எடு என்று சொன்னால் பட்டியல் வந்து நிற்கும். நடுவில் கோப்பு ஏற்றுவது இறக்குவது எதுவும் கிடையாது. ஒரு நுணுக்கம்: வேர்டு பக்கமிருந்து தொடங்கினால் குறைவான புலங்கள்தான் (பெயர், ஊர் போன்ற தகவல் கட்டங்கள்) கிடைக்கும். அவுட்லுக்கில் கான்டாக்ட்ஸைத் திறந்து அங்கிருந்து மெயில் மெர்ஜை (ஒரே கடிதத்தில் ஒவ்வொருவர் பெயர், முகவரியையும் தானே நிரப்பும் வசதி) தொடங்கினால், நாமே உருவாக்கிய புலங்கள்கூட வரும். ஒரு வகைப்பாட்டில் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தும் அனுப்பலாம். இது தெரியாமல் இரண்டு வாரம் தலையைச் சொறிந்தேன்.

லிப்ரே ஆபிஸ் பக்கம் இந்தச் சுகம் இல்லை. அதன் மூதாதையான ஸ்டார் ஆபிஸ் 5.2இல் மின்னஞ்சலும் நாட்காட்டியும் உள்ளேயே இருந்தன. அது ஓபன் ஆபிஸாக மாறியபோது அந்தப் பகுதிகளைக் கழற்றிவிட்டார்கள், அந்த ஓட்டை இன்றுவரை அடைபடவில்லை. ஒரு காலத்தில் தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தை லிப்ரே ஆபிஸ் நேராகப் படிக்கும். ஆனால் அது மார்க் என்ற பழைய வடிவத்துக்காக எழுதப்பட்ட இணைப்பு. 2020இல் தண்டர்பேர்டு 78ஆம் பதிப்பு எஸ்க்யூலைட் என்ற வேறு வடிவத்துக்கு மாறியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய செய்முறைகளைப் பார்த்து முயன்றால் வெறும் பட்டியல்தான் வரும். உங்கள் மேல் தப்பில்லை.

அப்புறம் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன்? முகவரி மாறியதை வாடிக்கையாளர் எங்கே சொல்கிறார் என்று யோசித்தேன். யாரும் மின்னஞ்சலில் சொல்வதில்லை. போனில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் அதை அந்த இடத்திலேயே அலுவலகப் போனில் திருத்திவிடுகிறார். அது ஆண்ட்ராய்டு போன், திருத்தம் கூகுள் கணக்கில் போய் உட்காரும். உண்மையான முகவரி இருக்கும் இடம் அதுதான். மற்றதெல்லாம் நகல்.

எங்கள் ஜிமெயில் கணக்கைப் பழைய அவுட்லுக்கில் சேர்த்தால் மின்னஞ்சல் வரும். கான்டாக்ட்ஸும் நாட்காட்டியும் வராது. அங்கே நாம் பதிவது 'இந்தக் கணினியில் மட்டும்' என்ற பெயரோடு தனியாகக் கிடக்கும். அதாவது பழைய எக்செல் கதையே புது உருவில் திரும்ப வருகிறது. அலுவலக மின்னஞ்சலையே மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் புது எண்ணைச் சேமிக்கும்போது எந்தக் கணக்கில் என்று போன் கேட்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கேட்டதும் சரி சரி என்று அழுத்திவிட்டுப் போகிறோம்.

தண்டர்பேர்டில் கூகுள் முகவரிகளை நேராகச் சேர்க்கலாம். போனில் திருத்தியது என் மேஜைக்கு வந்துவிடுகிறது, நான் திருத்துவது போனுக்குப் போகிறது. கடிதத்துக்கு மட்டும் மாதம் ஒரு முறை கைவேலை உண்டு. கூகுள் கான்டாக்ட்ஸில் 'ஜிஎஸ்டி', 'வருமான வரி' என்று லேபிள் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டிய லேபிளைச் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல் கோப்பு) இறக்கி, லிப்ரே ஆபிஸின் விரிதாளான கால்க்கில் திறந்து, ஏற்கெனவே தரவு மூலமாகப் பதிவு செய்து வைத்த ஓடிஎஸ் கோப்பின் (கால்க்கின் சொந்தக் கோப்பு வகை) மேலேயே சேமிக்கிறேன். லிப்ரே ஆபிஸின் கடிதப் பகுதியான ரைட்டரில் கடித மாதிரி அந்தக் கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தரவு மூலப் பட்டியைத் திறந்து, பத்தித் தலைப்பை இழுத்துக் கடிதத்தில் விட்டால் புலம் உட்கார்ந்துவிடும். மொத்தம் இரண்டு மூன்று நிமிட வேலை.

இதில் ஒரு பொறி உண்டு. தாளின் பெயர்தான் லிப்ரே ஆபிஸுக்கு அட்டவணையின் பெயர், சிஎஸ்வியைத் திறக்கும்போது கோப்பின் பெயரே தாளின் பெயராகிவிடும். பழைய கோப்பை அழிக்காமல் மறுபடி இறக்கினால் உலாவி பெயரோடு '(1)' என்று ஒட்டிவிடும். அந்த ஒரு அடைப்புக்குறியால் மொத்தக் கடிதமும் முகவரி இல்லாமல் நிற்கும். எனக்கு நின்றது, அதுவும் 18ஆம் தேதி சாயங்காலம்.

இன்னொரு காரணம் தமிழ். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தமிழில்தான் கடிதம் போகிறது. விண்டோஸின் பழைய எழுத்துக் குறிப்பக்கங்களில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் பட்டியல்கள்) தமிழுக்கு இடமே கிடையாது, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் மட்டும்தான். பழைய அவுட்லுக்கின் சில பதிப்புகள் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்வது அந்தப் பழைய குறிப்பக்க முறையில், அப்போது தமிழ்ப் பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக வெளியே வரும். வேர்டோடு நேராக இணைத்து அனுப்பிக்கொண்டிருக்கும் வரை இது தெரியாது. வெளியே எடுக்க நினைக்கும் அன்றுதான் தெரியும். கூகுளின் கோப்பு யூடிஎஃப்-8, அதாவது யூனிகோட் வகை. கால்க் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்கும், தமிழ் முன்னோட்டத்திலேயே தெரியும். எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பல நேரம் அலங்கோலமாக வரும், அதற்கு வேறு வழியாக இறக்குமதி செய்ய வேண்டும்.

பெயரை இரண்டு மொழியில் வைக்க ஒரு சின்னத் தந்திரம் செய்தேன். முதல் பெயர் ஆங்கிலத்தில், போனில் தேட வசதியாக. புனைபெயர் புலத்தில் தமிழ்ப் பெயர், 'அவர்கள்' சேர்த்து. உறையில் புனைபெயர் புலத்தைத்தான் அச்சிடுகிறேன். பான் எண், வங்கி விவரம் எதையும் கான்டாக்ட்ஸில் போடுவதில்லை. அது ஆடிட்டர் சாரின் கண்டிப்பான உத்தரவு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவதில் வேர்டும் பழைய அவுட்லுக்கும் சேர்ந்தது சொகுசு. லிப்ரே ஆபிஸிலும் அனுப்பலாம், ஆனால் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்) விவரங்களை நாமே கொடுக்க வேண்டும். எப்படி அனுப்பினாலும் சாதாரண ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு உண்டு. எங்களுக்கு அது போதும். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மின்னஞ்சல்) சர்வர் வைத்து, இருபது பேர் ஒரே முகவரிப் புத்தகத்தைப் பார்க்கும் அலுவலகத்தில் நான் வேலை செய்ததில்லை. அங்கே போனிலும் மேஜையிலும் ஒரே கணக்கு என்றால் என் வாதமே அடிபட்டுப் போகும், அவுட்லுக்கையே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் எவல்யூஷன் என்ற மின்னஞ்சல் மென்பொருளை லிப்ரே ஆபிஸோடு இணைக்கலாம், ஆனால் ஒரு மாலை முயன்றதோடு சரி. அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

இப்போதைக்குப் புனைபெயர் புலத்தில் தமிழ் ஏறியது நூற்றெண்பது பேருக்கு. மீதிப் பேருக்கு உறை இன்னும் ஆங்கிலத்தில்தான் போகிறது. வீடு மாறிய பெரியவரின் பெயரைத்தான் முதலில் அடித்தேன்.