கார்வரா, ப்ரூஸ்டரா?
17ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாசசூசெட்ஸ் கடைசல் நாற்காலி தேடுபவர்கள் இந்த இரண்டு வகைகளில்தான் தடுமாறுகிறார்கள். பெயர்கள் அங்கே ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் தலைவர்களுடையவை.

அடையாளம்: கார்வரில் கடைசல் குச்சிகள் முதுகுப்புறத்தில் மட்டும். ப்ரூஸ்டரில் கைப்பிடிக்கு அடியிலும் இருக்கைக்குக் கீழேயும் உண்டு.

மரம்: இரண்டிலும் ஆஷ் அல்லது மேப்பிள், கோரை இருக்கை.

பழுது: ப்ரூஸ்டரில் குச்சிகள் அதிகம், பின்னால் மாற்றியவையும் அதிகம். ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

வயது: பச்சை மரத்தில் கடைந்த கால் காயும்போது ஒரு திசையில் கூடுதலாகச் சுருங்கும். காலிப்பரால் (விட்டம் அளக்கும் கருவி) காலின் விட்டத்தை வெவ்வேறு திசைகளில் அளந்து பாருங்கள். அளவு துளியும் மாறாத கச்சித வட்டம் என்றால் சந்தேகம்தான். கழன்ற குச்சியின் துளையையும் பாருங்கள்: துளையிடும் பழைய கரண்டி வடிவ அலகு துளையின் அடியை உருண்டையாக விடும், நவீன அலகு நடுவில் கூர்முனைத் தடம் பதிக்கும்.

போலி: அரிதான ப்ரூஸ்டருக்கே ஆபத்து அதிகம். 1970இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,000 டாலருக்கு வாங்கிய ப்ரூஸ்டர், ரோட் ஐலண்ட் சிற்பி ஒருவர் செய்த போலி. எக்ஸ்ரேயில் நவீன அலகின் துளைகளே காட்டிக்கொடுத்தன.

முதல்முறை வாங்குபவருக்கு கார்வர். ப்ரூஸ்டர், எக்ஸ்ரே செலவுக்கும் தயாராக இருப்பவருக்கு மட்டும்.