வீட்டு மடிக்கணினியில் ஒரு தேடுபொறி: சர்க்ஸ்என்ஜி

பழைய மடிக்கணினி ஒன்றில் சர்க்ஸ்என்ஜி (SearXNG) என்னும் தேடுபொறியை நிறுவி ஏழு மாதங்கள் ஆகின்றன. வீட்டில் நால்வரும் இப்போது அதன் வழியாகவே தேடுகிறோம். ஆடம் டாபர் 2014-இல் வெளியிட்ட சர்க்ஸ் என்னும் திறமூலத் திட்டத்திலிருந்து 2021-இல் கிளை பிரிந்தது இது. தாய்த்திட்டம் பின்னர் நின்றுபோனதால், இன்று தொடர்ந்து வளர்வது கிளை மட்டுமே. பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

இதற்கென்று சொந்தமாக இணைய அட்டவணை, அதாவது இணையப் பக்கங்களைத் தேடித் தொகுத்து வைத்த பட்டியல், எதுவும் கிடையாது என்பதை நிறுவும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. நாம் ஒரு சொல்லை உள்ளிட்டதும், நாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பல தேடுபொறிகளுக்கு அதை ஒரே நேரத்தில் அனுப்பி, வரும் விடைகளைத் தொகுத்து, ஒரே பக்கம் பல இடங்களிலிருந்து வந்திருந்தால் அதை மேலேற்றிக் காட்டுகிறது. ஒவ்வொரு விடையின் கீழும் அதைத் தந்த தேடுபொறிகளின் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன. சில நாட்கள் அந்த வரியைக் கவனித்து வந்தால், எந்தத் தேடுபொறி எதில் கெட்டி என்பது தானாகப் பிடிபட்டுவிடும்.

மென்பொருளைக் கொள்கலன் என்னும் தனிப்பொதியில் இயக்கும் டாக்கர் பழகியவர்களுக்கு நிறுவுதல் அரைமணி நேர வேலை. எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. காரணம் என் கவனக்குறைவே. அமைப்புகள் அனைத்தும் ஒரே யாம்ல் கோப்பில், அதாவது வரிகளின் முன் விடும் இடைவெளிக்கும் பொருள் உள்ள ஓர் உரைக்கோப்பில், இருக்கின்றன. அதில் இடைவெளி விட வேண்டிய ஓரிடத்தில் டேப் விசையைத் தட்டிவிட்டேன். கொள்கலன் எழுவதும் விழுவதுமாக இருந்தது. பதிவுகளை வரி வரியாகப் படித்த பிறகே பிழை கண்ணில் பட்டது.

பயனரின் கையில் கட்டுப்பாடு என்று இதைப் பற்றிச் சொல்லப்படுவதன் பொருள் அந்தக் கோப்பைத் திறந்தால்தான் விளங்கும். எந்தத் தேடுபொறிக்கு எவ்வளவு எடை என்பதை எண்ணாகவே கொடுக்கலாம். தளப்பெயர்களுக்கான செருகுநிரல் என்னும் கூடுதல் வசதியில் ஒரு தளத்தை அறவே நீக்கலாம், கீழே தள்ளலாம், மேலே ஏற்றலாம். சமையல் குறிப்பு தேடினால் பத்துப் பத்திக் கதைக்குப் பின் உப்பின் அளவைச் சொல்லும் தளங்கள் ஐந்தாறை நான் நீக்கியிருக்கிறேன். அதன் பிறகு வீட்டில் இந்தத் தேடுபொறிக்கு இருந்த எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது.

தமிழில் தேடுவோருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு குறையும் உண்டு. தேடல் சொல்லுக்கு முன் முக்காற்புள்ளியும் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியீடும் இட்டால், அந்த ஒரு தேடலுக்கு மட்டும் மொழி தமிழாகிவிடும். விக்கிப்பீடியாவுக்குரிய ஆச்சரியக்குறிச் சுருக்கத்தையும் சேர்த்தால் நேராகத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடும். ஆனால் ‘கல்லணை’, ‘கல்லணையின்’, ‘கல்லணையில்’ ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்ற அறிவு இதற்கு இல்லை. கொடுத்த சொல்லை அப்படியே கைமாற்றுகிறது. எனவே மூலத் தேடுபொறிக்குத் தமிழ் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் விடையின் தரமும்.

இது தனியுரிமையைக் காக்கும் என்ற பேச்சைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் உலாவியின் குக்கிகளோ கணக்கு விவரங்களோ பெரிய தேடுபொறிகளுக்குப் போவதில்லை. நம் விருப்பத்தேர்வுகளும் நம் உலாவியிலேயே தங்குகின்றன. ஆயினும் வீட்டில் நிறுவும்போது, கேள்விகள் எல்லாம் வீட்டின் ஐபி முகவரியிலிருந்துதான், அதாவது நம் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்துதான், புறப்படுகின்றன. நால்வரின் கேள்விகள் கலந்திருப்பதை, யார் கேட்டது என்று தெரியாமல் மறைந்துகொள்ளும் அளவுக்கு ஒரு கூட்டம் என்று சொல்ல முடியாது. பிறர் நடத்தும் பொதுச் சேவையகத்தைப் பயன்படுத்தினால் கூட்டத்தில் கலந்துவிடலாம். ஆனால் அதை நடத்துபவர் நம் தேடல்களைப் பதிவு செய்யவில்லை என்று நம்ப வேண்டியிருக்கும். இரண்டில் எது மேல் என்பது யாரிடமிருந்து மறைக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் வீட்டு வழியைத் தேர்ந்ததற்குக் காரணம், மறைவைவிட விடைகளின் வரிசையை நானே தீர்மானிக்க விரும்பியதுதான்.

தேடல் சொல் இயல்பாக போஸ்ட் முறையில், அதாவது இணைய முகவரியில் சேராமல் தனியாக, அனுப்பப்படுவதால், அது முகவரிப் பட்டையிலோ உலாவி வரலாற்றிலோ தெரிவதில்லை. அதற்கு விலையாக, முந்தைய பக்கத்துக்குத் திரும்பும்போது படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று உலாவி கேட்கக்கூடும். சொல்லை முகவரியிலேயே சேர்த்து அனுப்பும் கெட் முறைக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு, நான் மாற்றிக்கொண்டேன்.

பிறர் அட்டவணையை அண்டியிருக்கக் கூடாது என்று எண்ணுவோருக்கு யாசி (YaCy) என்னும் தேடுபொறி இருக்கிறது. ஜெர்மனியின் மிகாயேல் கிறிஸ்டன் 2003-இல் தொடங்கிய இது ஜாவாவில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பயனரின் கணினியும் தானே இணையப் பக்கங்களை ஊர்ந்து சேகரித்து, அட்டவணையின் ஒரு பங்கை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்கிறது. கொள்கையளவில் இதுவே உண்மையான மாற்று. ஆனால் வெளியிலிருந்து அணுக முடியாத கணினியை அந்த வலையமைப்பு ஜூனியர், அதாவது கீழ்நிலை உறுப்பினர், என்றே வகைப்படுத்துகிறது. பொது ஐபி முகவரி கிடைக்காத வீட்டு இணைப்புகளுக்கு அந்த நிலைதான். நினைவகத்தையும் தாராளமாகக் கேட்கிறது. பொதுவான தேடலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்; நாமே தேர்ந்தெடுத்த நாற்பது ஐம்பது தளங்களை மட்டும் ஊர்ந்து வைத்துக்கொண்டு தேடுவதற்கு அருமையான கருவி.

சர்க்ஸ்என்ஜிக்குத் திரும்பினால், அதன் பெரிய தொல்லை பராமரிப்புதான். கேட்பது தானியங்கி என்று சந்தேகிக்கும் தேடுபொறிகள், மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவைக் காட்டி வழியடைக்கின்றன; அப்படி அடைத்ததைச் சர்க்ஸ்என்ஜி சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டு விடையளிக்கிறது. மூலத்தளங்கள் பக்க அமைப்பை மாற்றினால் இதன் நிரலும் மாற வேண்டியிருக்கிறது. எனவே நிலையான பதிப்பு என்று ஒன்றை நிறுவிவிட்டு மறந்துவிட இயலாது; தேதியையே பதிப்பு எண்ணாகக் கொண்டு புதிய வெளியீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் இரண்டு கட்டளைகளில் புதுப்பித்துவிடுகிறேன். மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, விடைகளின் கீழ் வழக்கமாக வரும் ஐந்து பெயர்களில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன.