தகப்பனிடம் விடுவதா, முட்டையைப் பிரிப்பதா? மலையகக் குளிரில் பிரிஸ்டல்நோஸ் குஞ்சு பொரிக்கும் மூன்று வழிகள்

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் பிரிஸ்டல்நோஸ் பிளெக்கோ என்ற சிறு மீன் முட்டையிட்டிருப்பதைக் கண்ட அன்றே வளர்ப்பவர் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. முட்டைகளைக் குகைக்குள் தகப்பன் மீனிடமே விட்டுவிடலாம். குகையைத் தகப்பனோடு சேர்த்துத் தூக்கி, அதே தொட்டிக்குள் தொங்கும் வலைப்பெட்டிக்கு மாற்றலாம். அல்லது முட்டைகளை மட்டும் பிரித்தெடுத்து, சிறு பெட்டியில் எயார் ஸ்டோன் (பம்பின் காற்றைக் குமிழ்களாக விடும் கல்) வைத்துப் பொரிக்க வைக்கலாம். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ உள்ளவருக்கு இம்மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அப்புத்தளையிலும் அப்படியல்ல. இங்கே குளிரும் மின்வெட்டும் சேர்ந்து எது சிறந்தது என்ற கணக்கையே மாற்றிவிடுகின்றன.

கடைகளில் ‘டாங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படும் பெரிய பிளெக்கோவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 40 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும். வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்காது. பிரிஸ்டல்நோஸ் என்பது தென்னமெரிக்காவின் அன்சிஸ்ட்ரஸ் இனம். 10 முதல் 13 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். ஆணின் மூக்கின் மேல் கிளைவிட்ட மீசைகள் அடர்ந்திருக்கும். பெண்ணுக்கு உதட்டோரத்தில் சில குட்டை முட்கள் இருந்தாலே அதிகம். ஓர் ஆணுக்கு இரண்டு பெண்கள் என்ற அளவில் இரண்டரை அடித் தொட்டி போதும். குகைக்கு மூங்கில், பி.வி.சி. குழாய், உடைந்த மண்பானை என்று எதைக் கொடுத்தாலும், ஆண் உடலை நுழைத்துத் திரும்ப முடியாத அளவுக்கு ஒடுக்கமாகவும் ஒரு பக்கம் அடைத்தும் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். பொருளைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை.

வெப்பநிலைதான் முதல் சிக்கல். முட்டைகள் 26 பாகை செல்சியஸில் நான்கைந்து நாட்களில் பொரிக்கும். நீர் 22 பாகைக்கு இறங்கினால் அதே வேலை ஒரு வாரத்தைத் தாண்டிவிடும். பொரிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கருக்கட்டாத முட்டைகளில் பங்கசு பிடித்து, பக்கத்து முட்டைகளுக்குப் பரவ இடம் கிடைக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்களும் உண்டு. அத்தகைய வீட்டில் லீற்றருக்கு ஒரு வாட் என்ற வழக்கமான ஹீட்டர் கணக்கு போதாது. தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் பக்கங்களிலும் ரிஜிபோம் ஒட்டி, கண்ணாடி மூடியும் போட்ட பிறகுதான் ஹீட்டர் ஓய்வெடுக்கிறது.

இந்நிலையில் முதல் வழியின் பலம் தெளிவாகத் தெரிகிறது. தகப்பன் மீனுக்கு மின்சாரம் தேவையில்லை. இரவில் டோர்ச்சைச் சரித்துப் பிடித்து மூங்கிலுக்குள் பார்த்தால், சவ்வரிசி அளவிலான செம்மஞ்சள் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு கொத்தாகத் தெரியும். அதன் மேல் வயிற்றைக் கவிழ்த்துக் கிடக்கும் ஆண், பக்கச் செட்டைகளை மாறி மாறி அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த விசிறல் முட்டைகளுக்கு ஒட்சிசனைச் சேர்க்கிறது. கெட்டுப்போன முட்டைகளை அது வாயாலேயே அகற்றிவிடுகிறது. அந்த நாட்களில் தானும் அநேகமாக உணவைத் தேடிப் போகாது. 75 லீற்றர் நீர் குளிர்வதற்கு நேரமெடுக்கும் என்பதால், நான்கு மணிநேரம் கரண்ட் போனாலும், ஒரு போர்வையைச் சுற்றிவிட்டால் பெரிய இழப்பு ஏற்படுவதில்லை. இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவின் பையைத் தீர்த்துவிட்ட குஞ்சுகள் குகையை விட்டு வெளியேறியதும் தொட்டி முழுவதும் சிதறிவிடுகின்றன. பெற்ற மீன்கள் அவற்றைத் தின்பதில்லை என்றாலும், உடனிருக்கும் ஏஞ்சல், பார்ப் மீன்கள் விட்டுவைப்பதில்லை. தப்பியவற்றுள்ளும் உணவு இருக்கும் இடத்தைக் கண்டடையாமல் பட்டினியால் மடிபவை பல.

மூன்றாவது வழியைப் பரிந்துரைப்பவர்கள் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். ஒழுங்காக நடந்தால், கண்முன்னே எல்லாக் குஞ்சுகளும் ஒரே பெட்டியில் கிடைக்கும் என்பது உண்மைதான். நானும் அந்த ஆசையில்தான் ஒரு முறை அறுபதுக்கு மேற்பட்ட முட்டைகளை மூன்று லீற்றர் பெட்டிக்கு மாற்றி, பங்கசைத் தடுக்கும் மெதிலீன் புளூ மருந்தில் இரண்டு துளி விட்டு, மேசையின் மேல் வைத்தேன். இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது எயார் ஸ்டோன் அசைவற்றுக் கிடந்தது, வெப்பமானி 17 பாகையைக் காட்டியது, முட்டைகளில் பாதிக்கு மேல் வெள்ளையாகியிருந்தன. பிழை முறையில் இல்லை. மூன்று லீற்றர் நீரை மலையக இரவொன்றில் தனியாக விட்டதில் இருந்தது. 2022ஆம் ஆண்டில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பட்டரியில் ஓடும் எயார் பம்ப் காற்றைக் காப்பாற்றும், சூட்டைக் காப்பாற்றாது.

ஆகவே, என் தெரிவு இரண்டாவது வழிதான். ஆனால் முதல் வழியின் பொறுமையோடு. முட்டையிட்டதும் எதையும் தொடுவதில்லை. பொரித்து, மஞ்சள் கருவின் பை சுருங்கத் தொடங்கும்வரை, அதாவது மேலும் நான்கைந்து நாட்கள், எல்லாவற்றையும் தகப்பன் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, குஞ்சுகள் வாசலுக்கு வரும் நேரத்தில் குகையின் வாயைக் கையால் அடைத்து, வலைப்பெட்டிக்குள் மெதுவாக இறக்குகிறேன். பெட்டி அதே தொட்டியில் தொங்குவதால் வெப்பமும் நீரும் மாறுவதில்லை. தகப்பனும் கூடவே வந்துவிட்டால், குகையிலிருந்து வெளிவந்ததும் அதைத் தொட்டிக்குத் திருப்பிவிடலாம். முட்டையாக இருக்கும்போதே குகையைத் தூக்குவதை நான் விரும்புவதில்லை; கலவரமடைந்த ஆண் மொத்தக் கொத்தையும் வெளியே தள்ளிவிடக்கூடும்.

இனப்பெருக்கத்தைத் தூண்டக் குளிர்ந்த நீரை மாற்றும் வழக்கத்திலும் இங்கே எச்சரிக்கை தேவை. மழைக்காலம் வந்துவிட்டதாக மீனை நம்பவைப்பதே அதன் நோக்கம். அதற்கு இரண்டு மூன்று பாகை வித்தியாசம் போதும். தோட்டத்துப் பீலியில் (மலை ஊற்றிலிருந்து வரும் நீர்க்குழாயில்) விழும் தண்ணீர் குளோரின் கலவாதது, மென்மையானது, இந்த மீனுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் பீலியிலிருந்து பிடித்த கையோடு ஊற்றினால் தொட்டி நீரோடு பத்துப் பாகைவரை வித்தியாசம் வந்துவிடும். ஒரு வாளியில் கொதிநீர் சேர்த்துக் கையால் கலக்கிப் பார்த்து ஊற்றுவதே பாதுகாப்பானது.

வலைப்பெட்டிக் குஞ்சுகளுக்கு உணவு எப்போதும் கிடைக்க வேண்டும். நுவரெலியாச் சந்தையில் சுக்கினி தாராளமாகக் கிடைக்கிறது. தோலைச் சீவி, வட்டமாக வெட்டி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்தால் போதும். தோலைச் சீவச் சொல்வதற்குக் காரணம் பூச்சிமருந்தடிப்பு. அதே காரணத்துக்காகத்தான், மரத்துண்டை அரித்துத் தின்னும் பழக்கமுள்ள இந்த மீனுக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், பிடுங்கிய தேயிலைத் தூரை நான் கொடுப்பதில்லை. நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டையை வேகவைத்துப் போடுகிறேன். மிஞ்சிய காய்த்துண்டை மறுநாள் எடுத்துவிட்டு, பெட்டியின் அடியைக் குழாயால் உறிஞ்சாவிட்டால், உணவாலேயே குஞ்சுகள் சாகும்.

மூன்றாவது வழி முற்றிலும் பயனற்றதல்ல. முதல் தடவை தகப்பனாகும் ஆண் முட்டைகளைக் குகைக்கு வெளியே உதைத்துவிட்டு மறந்துபோவது உண்டு. மீண்டும் உள்ளே வைத்தாலும் ஏற்றுக்கொள்வது அரிது. அப்போது தனிப்பெட்டிதான் கதி, ஆனால் அந்தப் பெட்டியை மேசையில் வைக்காமல், பெரிய தொட்டியின் நீரில் மிதக்கவிட வேண்டும். சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் இந்த எச்சரிக்கை பெரும்பாலான மாதங்களில் மிகையாகத் தோன்றலாம். தலவாக்கலையில் மார்கழி மாதத்தில் முட்டை கண்டவருக்குத் தோன்றாது.